மந்திரியின் முழங்கால்

"சார், மழை வருமா?" என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர் மாட்டு டாக்டர் அண்ணாந்து பார்ப்பார். "மேகம் இருக்கு" என்பார். அவ்வளவுதான். கேட்டவன் களத்தில் வேர்க்கடலையைக் காயப்போட்டிருப்பான். வாருவதா விடுவதா என்று தெரியாமல் நிற்பான். டாக்டர் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்.

கள்ளக்குறிச்சியில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் எனக்குக் கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்து மணி, சாட்டை, கோமுகி அணையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நைலான் நரம்பு, எல்லாம் வைத்திருந்தேன். கயிறு விற்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முழம் போட்டு முடித்ததும் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து ஒரு சாண் தாராளமாக விட்டுத்தான் அறுப்போம். நமக்கும் நஷ்டமில்லை, அவருக்கும் சந்தோஷம். பேச்சிலும் அப்படித்தானே ஊர் நடக்கிறது? செத்துக்கொண்டிருக்கிறவனைப் பார்க்கப் போனால்கூட "நாளைக்கே எழுந்து நடப்ப பாரு" என்று ஒரு சாண் விட்டுச் சொல்கிறோம். டாக்டர் வார்த்தையை அளந்தால் அளந்த இடத்திலேயே அறுப்பார். விரற்கடைகூட விடமாட்டார்.

அவர் ஆள் எப்படி என்றால், ஒல்லி. முழங்கை வரை மடித்த சட்டை. மடிப்புக்குள் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர். அதை எங்கெல்லாம் வைப்பார் என்று தெரிந்ததால் யாரும் அவர் தோளில் கைபோட்டுப் பேசியதில்லை.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறியும் வீட்டுக்கு ஒரு பியூன் வேலைகூட வரவில்லையே என்று எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ரோட்டோரப் புளியமரங்களுக்கு அது தெரியவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துகொண்டே இருந்தன. பஸ் ஓடாது. ஓடினால் கண்ணாடி இருக்காது. ஒருவனைப் பார்த்ததும் "இன்னா, சாப்ட்டியா?" என்று கேட்கிற ஊர், 'இவன் எந்தப் பக்கம்?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் சாப்பாட்டை விசாரித்தது.

அப்படிப்பட்ட ஊரில் டாக்டரின் ஜாதி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று இப்போது சொன்னால் புரியாது. ஆளைத் திட்டுவதா, துணைக்குக் கூப்பிடுவதா என்றே தெரியாதே! விசாரணை பல வழியிலும் நடந்தது.

"சாருக்கு எந்த ஊரு?"

"சேலம் பக்கம்."

"சேலத்துல எந்தப் பக்கம்?"

"கெழக்க."

"கெழக்கன்னா ஆத்தூரா, வாழப்பாடியா?"

"ரெண்டுக்கும் பஸ் போகும்."

ஒருவர் சாமியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தார். "உங்க வூட்டுல எந்த சாமிங்க சார் கும்புடுவீங்க?" "பிள்ளையார்." பிள்ளையாரை வைத்து யாரைப் பிடிக்க முடியும்? இன்னொருவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, யாரோடு போய் உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பந்தலுக்குப் பின்னால் கட்டியிருந்த மாப்பிள்ளை வீட்டு வண்டிமாட்டின் வீங்கிய குளம்பைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். "கை நனைக்கலயே, அப்ப நம்மளவிட மேலயா இருக்குமோ?" என்று பெண் வீட்டாருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

கல்வராயன் மலையில் ஒரு தடவை ஆட்டுக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். சுமை வண்டியில் கயிறு ஏற்றிக்கொண்டு நானும் வியாபாரத்துக்குப் போயிருந்தேன். கீழேயிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் மேடையேறி ரோடு போடுகிறேன், பாலம் கட்டுகிறேன், பள்ளிக்கூடம் திறக்கிறேன் என்றார். மலை ஜனங்கள் சாமை மூட்டைமேல் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் டாக்டரிடம் வந்தார்.

"இந்த ஊசி போட்டா ஆடு சாவாதுங்களா?"

"இந்த நோவுல சாகாது."

"வேற நோவு வந்தா?"

"அது வேற நோவு."

ஒரு சிரிப்புச் சிரித்தார் அந்த மலைக்காரர்! வீட்டுக்குப் போய் பட்டியிலிருந்த ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தார். அதே பதிலைக் கேட்டுவிட்டு, 'இந்த ஆளுக்கே நம்பிக்கை இல்ல' என்று ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

என் வீட்டுப் பசு ஒருமுறை கன்று போட்டதும் கருப்பை வெளியே தள்ளிவிட்டது. அன்றைக்குத்தான் டாக்டரின் ஊசி வித்தையை நான் கிட்டத்தில் பார்த்தேன். வாலை மேலும் கீழும் ஆட்டினார். வால் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் அசைந்தது. அங்கே ஊசியை இறக்கி மருந்தைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் வால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பின்பக்கம் மரத்துப்போச்சு. முன்பக்கம் என் பசு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது! பின்னால் ஒரு மனிதர் முழங்கை வரை கையை விட்டு வேலை செய்கிறார், முன்னால் இது அசைபோடுகிறது. கவர்மெண்டு நடக்கிற மாதிரியே இருந்தது.

என் மனைவி அழுதுகொண்டே, "பொழச்சிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள்.

"இப்ப உசுரு இருக்கும்மா."

பசு பிழைத்தது, பாலும் கறந்தது. ஆனால் அந்தப் பதிலை என் மனைவி மன்னிக்கவே இல்லை. "அந்தாள் வாயில நல்ல வார்த்தை பொறக்கணும்னா அவருக்கும் வால்கிட்ட ஒரு ஊசி போடணும்" என்பாள்.

இனி மந்திரிக்கு வருகிறேன்.

மந்திரி என்பது ஏழுமலையின் நாய். ஏழுமலை கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் மரவள்ளி போடுகிற குடியானவர். போராட்டம் நடத்திய சங்கத்துக்கு அந்த ஊர்க் கிளைச் செயலாளர். நல்ல தொண்டை. நாய்க்கு மந்திரி என்று பேர் வைத்ததில் அவருக்கு நாள் பூராவும் சந்தோஷம். "டேய் மந்திரி, படுறா", "மந்திரிக்குப் பழையது வெச்சியாடி?" என்று ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி அதட்டுவார். ஆனால் மரவள்ளிக் காட்டுக்கு அதுதான் காவல். மலையிலிருந்து பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் மரவள்ளிக் கிழங்கைக் கிளறிப்போட்டுவிடும். மந்திரி துரத்துகிற வரைக்கும்தான் ஏழுமலைக்கு வெள்ளாமை.

மறியலின்போது ஏழுமலையும் ஆட்களும் ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள், போலீஸ் வண்டி வரக்கூடாதென்று. போலீஸ் வண்டி வேறு வழியாக வந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஏழுமலை தான் வெட்டிய பள்ளத்தைத் தாண்டிவிட்டார். பின்னால் ஓடிவந்த மந்திரிதான் பின்னங்காலை அதில் விட்டு முறுக்கிக்கொண்டது. அந்தப் பள்ளத்தில் சிக்கியது அது ஒன்றுதான்.

பச்சிலைக் கட்டெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கடையடைப்பு நாளில் மாட்டு வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பஸ் இல்லாததால் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வரவில்லை. டாக்டர் மட்டும் சைக்கிளில் வந்திருந்தார். நான் கடையை மூடிவிட்டு வாசலில் நின்றிருந்தேன்.

ஏழுமலை முதலில் என்னிடம்தான் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, டாக்டரு நம்ம ஆளா?"

"தெரியலியேப்பா."

"எதிர வருசக்கணக்கா கட வெச்சிக்கினுகீற, இதுகூடவா தெரியாது?"

அவருக்கு அது விளையாட்டில்லை. வேற்று ஆளாக இருந்தால் வேண்டுமென்றே காலைக் கெடுத்துவிடுவான் என்று உண்மையாகவே பயந்தார். நேராகப் போய்க் கேட்டும்விட்டார்.

"சார், நீங்க எந்த ஆளுங்க?"

"கால்நடை டிபார்ட்மெண்டு."

"அது போர்டுலயே கீது சார். பொறப்பு?"

"ஆஸ்பத்திரியில." டாக்டர் நாயின் தொடையை ஒரு கையாலும் காலை ஒரு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். தொடைக்குக் கீழே கால் எலும்பு, மேஜை டிராயர் மாதிரி முன்னால் நகர்ந்தது. "இது நகரக் கூடாது. உள்ள கட்டியிருக்கிற நார் அறுந்துடுச்சு."

ஏழுமலையின் மனைவி பச்சையம்மா, அதுவரை வாயே திறக்காதவள், "சரி பண்ண முடியுமா சார்?" என்றாள்.

"அறுத்து, வெளியிலேருந்து நைலான் நரம்பு போட்டு இழுத்துக் கட்டலாம். காலேஜ்ல பாத்திருக்கேன். நானாப் பண்ணினது இல்ல."

"பண்ணினது இல்லன்னு நம்மகிட்டயே சொல்றான்டி!" என்றார் ஏழுமலை.

"பண்ணலன்னா மூணு காலு," என்றார் டாக்டர். "பண்ணினா மூணோ நாலோ."

பச்சையம்மா வண்டியிலிருந்து சாக்கை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "பண்ணுங்க சார். இவரு கெடக்குறாரு." புருஷனை ஓரம் தள்ளிவிட்டு, அழுகிற முகத்தை நாய் பார்க்கக் கூடாதென்று வாசலுக்குப் போய்விட்டாள்.

நைலான் நரம்பு என் கடையிலிருந்துதான் போனது. நல்ல கெட்டி நரம்பாக எடுத்துக் கொடுத்து, "சார், இதுக்கு ஒரு முடிச்சு இருக்கு, எருதே இழுத்தாலும் அவுராது, காட்டட்டுமா?" என்றேன். "கொதிக்கற தண்ணியில போடுங்க" என்றார். முடிச்சையா நரம்பையா என்று நான் கேட்கவில்லை.

நாயின் வாயைத் துணியால் கட்டினோம். ஏழுமலை தலைமாட்டில், நான் பின்காலில். இடுப்பெலும்பு மேடுகளுக்கு நடுவில் மயிரைச் சிரைத்து, மஞ்சள் மருந்து தடவி, விரலால் ஒரு பள்ளத்தைத் தேடினார் டாக்டர். ஊசியை நட்டுவிட்டு அதன் வாயில் மருந்து ஒரு சொட்டு வைத்தார். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். திடீரென்று அந்தச் சொட்டு தானாக உள்ளே இழுபட்டுப் போய்விட்டது. "இடம் இதுதான்" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்ட வார்த்தைகளிலேயே உறுதியான வார்த்தை அதுதான்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. இடுப்புக்கு மேலே மந்திரி முழித்துக்கொண்டு தலையைத் தூக்கியது.

"பேசுங்க" என்றார் டாக்டர்.

"இன்னா பேசறது?" என்றார் ஏழுமலை.

"எதையாவது. தெரிஞ்ச குரல் கேட்டுக்கினே இருந்தா அடங்கிக் கெடக்கும். நிறுத்தினா தலையத் திருப்பும்."

ஏழுமலை நாயிடம் "டேய்... மந்திரி... ஒண்ணுமில்லடா" என்றார். இரண்டு நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. மந்திரி தலையைத் திருப்பியது. "பேசுங்க!" என்றார் டாக்டர். வேறு வழியில்லாமல் ஏழுமலை தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றே ஒன்றை ஆரம்பித்தார். சங்க மேடையில் பேசுகிற பேச்சு.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாங்க பிச்ச கேக்கல, பங்கு கேக்குறோம்..."

மந்திரி காதை நிமிர்த்தியது. டாக்டர் தோலைக் கீறினார். கோரிக்கை ஒவ்வொன்றாக வந்தது. படித்த பையன் வயலுக்குத் திரும்பி வந்த கதை, ஆபீஸ் வாசலில் நிற்க வைத்த கதை, ஏழுமலையின் தம்பிக்குக் கிடைக்காமல் போன கண்டக்டர் வேலை. அந்த இடத்தில் குரல் நிஜமாகவே உடைந்தது. மேடையில் உடைகிறதா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் எலும்பில் துளைபோட்டு, நரம்பைக் கோத்து, மூட்டுக்குப் பின்னாலிருக்கும் குட்டி எலும்பைச் சுற்றி இழுத்துக் கட்டினார். மந்திரி கண்கொட்டாமல் ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஜனங்களின் குறையை அதுவரை எந்த மந்திரியும் அவ்வளவு நேரம் இடத்தைவிட்டு நகராமல் கேட்டதில்லை.

தையல் போட்டு முடிந்தபின்தான் ரகளை. கீழே சாக்கில் படுக்கவைத்த நாய் எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஊன்றியது. பின்பாதி நனைந்த மூட்டை மாதிரி தரையில் கிடந்தது. உள்ளே வந்த பச்சையம்மா அதைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ஒரு காலுக்குத்தானே கூட்டியாந்தோம், ரெண்டு காலும் பூட்ச்சே! இடுப்புக்குக் கீழ செத்துப்பூட்ச்சே!"

சத்தம் கேட்டுக் கடையடைப்புக்கு நின்றிருந்தவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டார்கள். "எந்த ஆளோ, வேணும்னே பண்ணிக்கீறான்" என்றது ஒரு குரல். "பாதி நாயக் கொன்னுட்டியா?" என்றது இன்னொன்று. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு, 'ஒரு மணி நேரத்துல எழுந்து ஓடும்' என்று ஒரு சாண் விட்டுச் சொல்லியிருப்பார்கள். இவர் "மருந்து இறங்கணும்" என்றார்.

"எறங்கினா நடக்குமா?"

"எறங்கட்டும்."

டாக்டர் தரையில் சம்மணம் போட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கோணியை எடுத்து அதன்மேல் போர்த்தினார், குளிராமலிருக்க. பின்னங்கால் விரல்களை அடிக்கடி கிள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கூட்டம் முனகிக்கொண்டு நின்றது. பேச்சுக் கொடுப்போம் என்று நான்தான், "சார், முழுசாவே மயக்கம் குடுத்திருந்தா அதுபாட்டுக்குத் தூங்கியிருக்கும், இந்த வம்பே இல்லியே?" என்றேன்.

"முன்ன ஒரு ஊர்ல குடுத்தேன்," என்றார், விரலைக் கிள்ளிக்கொண்டே. "ஒரு வாத்தியார் வூட்டு நாயி. பசங்க வெளிய நின்னுக்கினு இருந்தாங்க. எழுந்துடும்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்றத வுட்டுட்டேன்."

கொஞ்சம் கழித்து அவர் கிள்ளியபோது கால் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. மந்திரி கட்டிய வாய்க்குள்ளேயே முனகியது. "வலிக்குது," என்றார் டாக்டர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா வலிக்குது!" கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பின்னால் வால் அசைந்ததும் கலைந்தது.

ஆனால் அவர் சொன்ன பத்தியம்தான் கொடுமை. அவிழ்த்து விடக் கூடாது. ஓடக் கூடாது. தாவக் கூடாது. குட்டைக் கயிற்றில் கட்டிவைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காலை மெல்ல மடக்கி நீட்டி, கையில் பிடித்துக்கொண்டு பெண்ணழைப்பு மாதிரி அடிமேல் அடிவைத்து நடத்த வேண்டும். தையல் பிரித்த பின் வாய்க்காலில் வயிறளவு தண்ணீரில் நடத்தலாம். "எத்தினி நாளிக்கி சார்?" என்றதற்கு, "நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அந்த வாரமே மரம் வெட்டிய கேஸில் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆக ஒரே வீட்டில் இரண்டு பேர் உள்ளே. ஒருவர் கடலூர் ஜெயிலில், ஒருவர் வாசல் கம்பத்தில். தையல் பிரிக்க வந்தபோது, "ரெண்டுல எதுக்கு சார் மொதல்ல ஜாமீன் கெடைக்கும்?" என்று கேட்டாள் பச்சையம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அடுத்த தடவை வந்தபோது சிரிப்பு இல்லை. அன்றைக்கு வண்டியோ நாயோ கூட வரவில்லை. நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, கயிறு குடு. நல்லா நீட்டமா."

"எவ்ளோ நீட்டம்மா?"

"காட்டுக்கு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்."

விஷயம் என்னவென்றால், மரவள்ளி முற்றிவிட்டது. பன்றி இறங்க ஆரம்பித்துவிட்டது. தகரம் தட்டிப் பார்த்தாள், தீ மூட்டிப் பார்த்தாள். ஆம்பிளைகள் பாதிப்பேர் ஜெயிலில், மீதிப்பேர் தலைமறைவு. நாயை அவிழ்த்துவிட்டால் காடு தப்பும். அவிழ்த்தால் கால் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கட்டின மாதிரியும் இருக்கணும், ஓடின மாதிரியும் இருக்கணும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் பார்த்துவிட்டு வந்தார். நான் முழம் போட்டுக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"மந்திரிக்குத்தான்" என்றாள். பிறகு அவருக்கு நேரே திரும்பினாள். "சார், ஒண்ணு கேக்குறேன். மேகம் கீது, மருந்து எறங்கணும்னு சொல்லாத. இந்தக் கெழங்கு பூட்டா எனக்கு வருசத்துக்குக் கஞ்சி இல்ல. அவுத்துவுடலாமா, கூடாதா?"

டாக்டர் தரையில் கிடந்த கயிற்று நுனியை எடுத்துச் சுருட்டினார்.

"உன் நாயா இருந்தா இன்னா பண்ணுவ?"

"கட்டித்தான் வெப்பேன்."

"உன் காடா இருந்தா?"

அவர் சட்டை மடிப்புக்குள் இருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுபடி செருகிக்கொண்டார்.

"அவுத்துவுட்டுடுவேன்" என்றார்.

பச்சையம்மா அவரையே பார்த்தாள். எனக்கு, இப்போது அடிக்கப் போகிறாள் என்றுதான் தோன்றியது. "ஜெயிலுக்குப் போனவனும் சரி, வெளிய கீறவனும் சரி, கடைசியில பொம்பள தலையிலதான் கட்டறீங்க," என்றாள். "அண்ணா, அந்தக் கயித்த வெய்யி. குட்டையா ஒண்ணு குடு."

காட்டுக்கு நடுவில் காவல் குடிசை போட்டு, அதற்குள் மந்திரியைக் குட்டைக் கயிற்றில் கட்டி, தானும் தகரத்தோடு அங்கேயே படுத்தாள். ஓடாவிட்டால் என்ன, குரைக்கட்டுமே என்று. முதல் சில ராத்திரி பன்றி வரவில்லை. பிறகு வந்தது. "பன்னிக்குத் தெரிஞ்சிபோச்சுண்ணா. இது கத்தும், வராதுன்னு" என்றாள் என்னிடம். மந்திரி என்றால் யார் என்று பன்றிகள் எங்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டன. குடிசையைச் சுற்றியிருந்த கிழங்கு மட்டும் மிஞ்சியது. ஓடைப் பக்கத்துக் காடெல்லாம் போயிற்று. காலையில் கிளறிப்போட்ட மண்ணைப் பார்த்துவிட்டு, அதே கையோடு வெந்நீர் வைத்து நாய்க்கு ஒத்தடம் கொடுப்பாளாம். வாய்க்காலில் வயிறளவுத் தண்ணீரில் நாயை நடத்திக்கொண்டு அவள் போனதைப் பார்த்து, "மந்திரிய நீராட்டக் கூட்டிக்கினு போறா பாரு" என்று ஊர் சிரித்ததாம்.

டாக்டர் அந்த நாட்களில் எனக்கு எதிரே டீ குடிக்கும்போதெல்லாம், "அந்தம்மா வந்தாங்களா?" என்று கேட்பார். "காட்டப் பத்திக் கேக்குறீங்களா, காலப் பத்தியா?" என்பேன். கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஏழுமலை விடுதலையாகி வந்த பிற்பாடு, ஒரு காலை நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். ஏழுமலை மெலிந்திருந்தார். தொண்டை எங்கேயோ போயிருந்தது. காட்டைப் பார்த்துவிட்டு மனைவியிடம் ஒரு வாரம் பேசாமலிருந்தார் என்று அவள்தான் சொன்னாள், அவரை வைத்துக்கொண்டே. டாக்டர் வாசல் படியிலேயே குந்தி, நாயின் தொடையைப் பிடித்து, காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். டிராயர் நகரவில்லை. இரண்டு தொடையையும் விரலால் சுற்றி அளந்தார்.

"அவுத்துவுடலாம்" என்றார்.

இவ்வளவு தெளிவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சையம்மா கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். நாய் எழுந்து ஓடப் போகிறதென்று நான் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மந்திரி நகரவில்லை. கயிறு இருந்தால் எவ்வளவு தூரம் போகுமோ அந்த வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"டேய் மந்திரி, வாடா!" என்றார் ஏழுமலை. அது வாலை ஆட்டியது. வரவில்லை. "சார், காலு சரியாவலியா? ஏன் சார் வரமாட்டேங்குது?"

"காலுல ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

பச்சையம்மா கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "இவருக்கும் காலு நல்லாத்தான் சார் கீது. ஜெயில்லேருந்து வந்ததுலேருந்து வாசல்ல நின்னுக்கினு 'வெளிய போட்டுமா?'ன்னு என்னக் கேக்குறாரு. நான் யாரு சார், ஜெயிலரா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் இங்கியே இருங்க," என்றாள் பச்சையம்மா. "மிச்சம் இருக்கிற கெழங்க நான் பிடுங்கணும்." திரும்பிப் பார்க்காமல் கச்சிராயபாளையம் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாய் அவளைப் பார்த்தது. ஏழுமலையைப் பார்த்தது. எழுந்தது. ஒரு அடி வைத்து நின்றது. அப்புறம் மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அவள் பின்னால் போயிற்று. நாலு காலும் தரையில் பட்டன. அதன் பின்னால் ஏழுமலை, அதைவிட மெதுவாக.

டாக்டர் ரோட்டுக்கு நடுவில் வந்து நின்று அந்தப் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான். அவர் ஒதுங்கவில்லை, வண்டிதான் ஒதுங்கிப் போயிற்று. நான் கடையைவிட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இனிமே நல்லா நடக்கும் இல்ல சார்?"

மூன்று பேரும் வளைவில் திரும்பி மறைந்தார்கள். டாக்டர் காலி ரோட்டைப் பார்த்தார்.

"வளைவு வரைக்கும் நல்லா நடந்துச்சு" என்றார்.